அம்மன் கொடுத்த தொண்டை

அம்மனை நம்பி வருகிறவர்களுக்கு நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி சொல்லிக்கொள்வது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆறு மா நிலமும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான் எனக்கு மிச்சம். பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் என் வாய்க்கால் வறண்டது. மேல்மடை நிலக்காரர் வைக்கோலையும் மண்ணையும் போட்டு அதை அடைத்துவிட்டு, தன் வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார். ஊரில் அவருக்குப் பெரிய மனிதர் என்று பெயர். தொந்தி பெரிது, அது உண்மை. இன்னும் சில நாள் போனால் எனக்கு நெல் இல்லை, பதர்தான். அழுது அழுது கண் வீங்கிப்போனது.

காரைக்காலில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த என் கொழுந்தனார் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. "அண்ணி, நான் மேலிடத்துல பேசிட்டேன். நீங்க வாயத் தொறக்காம இருங்க. ஒங்க வாய்தான் காரியத்தையே கெடுக்குது" என்றார். என் தொண்டை அப்படி, பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். புகுந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அதற்குத்தான் ஏச்சு. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் பேசிய மேலிடம் எந்த வானத்தில் இருந்ததோ, இன்றுவரை தெரியாது.

தினமும் காலையில் மாரியம்மன் முன்னால் நின்று, "ஒரு ஆம்பளத் துணைய அனுப்பு தாயே" என்று முணுமுணுப்பேன். ஒருவனும் வரவில்லை. ஒருநாள் வயிறு எரிந்து கத்திவிட்டேன். "ஏண்டி, என் பயிரு கருகுறது ஒனக்குத் தெரியலையா? ஆடியில கூழு குடிக்க மட்டும் வந்துடுற!"

பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த அஞ்சலையும் அவள் கூட்டத்துப் பெண்களும், யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று பதறி ஓடி வந்தார்கள். வருஷா வருஷம் என் வயலில் நட்டு அறுக்கிறவர்கள். விஷயம் தெரிந்ததும் அஞ்சலை சிரித்தாள்.

"அம்மாவுக்கு நல்லாவே காது கேக்கும்க்கா. மேமடைச் செவிடனுக்குத்தான் கேக்காது. அங்க வந்து கத்துங்க, நாங்களும் வர்றோம். ஒங்க வயலு பதராப் போனா எங்களுக்கு அறுப்பு ஏது?"

போனோம். மடையில் நின்று நான் குரல் கொடுத்தேன். சுற்று வயல்காரர்கள் வரப்பில் கூடிவிட்டார்கள். கோட்டுச்சேரி பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பெரிய மனிதர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மெதுவாப் பேசும்மா, ஊரே கேக்குது!"

"ஊரு கேக்கணும்னுதான்யா பேசுறேன்!"

அதற்குள் அஞ்சலை கூட்டம் மடையில் இறங்கி வைக்கோலைப் பிடுங்கி எறிந்தது. தடுக்கச் சொல்லி அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டார். அந்த ஆட்களின் பெண்டாட்டிகள்தான் மடைக்குள் நின்றார்கள். ஒருவனும் அசையவில்லை. பொழுது சாய்வதற்குள் என் வயலில் தண்ணீர் ஏறியது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

தை முடிவதற்குள் களம் நிறைந்தது. புது நெல் சோறு சாப்பிட வந்த கொழுந்தனார், "நான் சொல்லிவச்சது வேலை செஞ்சிருக்கு, பாத்தீங்களா அண்ணி" என்றார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே! அது எப்படி விளைந்த சோறு என்பதைத் தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொல்லித்தான் பரிமாறினேன்.

துணை அனுப்பு என்று அம்மனிடம் கேட்டேன். அவளோ பிறக்கும்போதே எனக்குத் தொண்டையைக் கொடுத்து, கூப்பிடு தூரத்தில் அஞ்சலையையும் நிறுத்தி வைத்திருந்தாள். நான்தான் காரைக்கால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்களிடம் என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். மடிப்புச் சட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் கோயிலில் நான் சத்தமாகத்தான் வேண்டுகிறேன். பூசாரி காதைப் பொத்திக்கொள்கிறார். பொத்திக்கொள்ளட்டும், நான் அவரிடமா கேட்கிறேன்?