சுவருக்கு வெள்ளையடித்த டீச்சர்

அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். வகுப்பில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு மேசையில் குனிந்து வண்ணம் குழைப்பாள், அது பாதியிலிருக்க ஜன்னலைத் திறக்கப் போவாள், ஜன்னல் பாதி திறந்திருக்க யாருடைய தாளிலோ எட்டிப் பார்ப்பாள். சுண்ணக்கட்டி எப்போதும் கையில் இருக்கும். எதற்கு எடுத்தோம் என்பதுதான் மறந்துபோயிருக்கும்.

காலுக்கு மட்டும் வந்த அவஸ்தை என்றால் போகட்டும் என்று விடலாம். மனசும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு இடத்தில் படித்தவள். முதலில் படித்த ஓவியப் பள்ளியில் முதல் வருடம் முழுக்கக் கோடு மட்டும்தான். மூச்சை இழுத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு கோடு. மூச்சு விட்டதும் அடுத்தது. பிறகு ஒரே ஓர் இலை. கை தானாகப் போகும்வரை அதே இலை. அங்கே யாரும் உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கவில்லை. பிறகு உதவித்தொகை கிடைத்து மேலை நாட்டுக் கல்லூரி ஒன்றுக்குப் போனாள். அங்கே முதல் நாளே பெரிய வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை வரை என்றார்கள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழைய இலையை வரைந்து வைத்தாள். வந்து பார்த்த ஆசிரியர், "நல்லா இருக்கு. ஆனா இது யாரோட இலை?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அன்று குளியலறைக்குள் போய் அழுதவள், அந்த வருடம் முடிவதற்குள் தரையில் தாளை விரித்து வண்ணத்தை வாரி இறைத்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டாள்.

இரண்டும் அவளுக்குப் பிடித்தன. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே அவளுக்குள் குடியிருந்தன. ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளைக் கோடு போட வைப்பாள். அவர்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் பொறுக்காது. அடுத்த பருவம் அவிழ்த்துவிட்டுவிடுவாள். வகுப்பு சந்தைக்கடை ஆனதும் அதுவும் பொறுக்காது, மறுபடியும் கோடு. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர், கண்ணாடிச் சட்டம் ஒன்றை இறுக்கிக்கொண்டே கேட்பார்:

"ஏம்மா, இந்த வாரம் காத்து கிழக்கேயிருந்தா, மேற்கேயிருந்தா?"

"நீங்க வேற. உங்களுக்கு ஒரு லென்ஸ் சரியில்லன்னா இன்னொண்ணு மாத்திடலாம். பிள்ளைங்க அப்படியா?"

அவர்களுடைய மகள் அதே பள்ளியில் ஆறாவது படித்தாள்; ஓவிய வகுப்பு அம்மாவிடம்தான். வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று தெளிவாக வைத்திருந்தாள். ஓவியத்தில் பெரிய ஆசை கிடையாது. அம்மா எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டு நாளை ஓட்டிவிடுவாள்.

அந்த வருடம் பள்ளி வாசலை ஒட்டிப் புதிதாக நீளமான மதில் கட்டினார்கள். கல்வித் துறையிலிருந்து பெரியவர்கள் வரப்போவதாகவும் பேச்சு. பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் படிக்கிறார்களா, சொந்தமாக யோசிக்கிறார்களா என்று பார்க்க வருகிறார்களாம். தலைமையாசிரியை பம்பரத்தைக் கூப்பிட்டு, "மதில் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

அவள் ஆறாம் வகுப்பைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். "மனசுல என்ன தோணுதோ வரைங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

பிள்ளைகள் சுவர்மேல் பாய்ந்தார்கள். ஊதா நிலா வந்தது. ஏழு கால் நாய் வந்தது. எட்டாவது காலுக்கு இடம் போதவில்லை என்று வரைந்தவன் வருத்தப்பட்டான். ஒருத்தி தன் இரண்டு உள்ளங்கையையும் வாளியில் முக்கி, சுவர் நெடுகப் பதித்துக்கொண்டே ஓடினாள். வண்ணம் வழிந்தது, ஒன்றோடொன்று கலந்து சேறானது. வழக்கமாக ஒதுங்கி நிற்கும் மகள் அன்று ஒரு பச்சைப் படிக்கட்டு வரைந்தாள். அது சுவரின் அடியிலிருந்து கிளம்பி, விளிம்பைத் தொட்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் அப்படியே நின்றது. மூக்கில் பச்சையோடு மகள் பின்னால் நகர்ந்து நின்று பார்த்ததை அம்மா பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் முன்பு கண்டதில்லை.

மாலையில் தலைமையாசிரியை வந்து சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தார். "ம்ம்" என்றார். "பெரியவங்க வர்றாங்களே" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

அந்த "ம்ம்" காதுக்குள் பூச்சி மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. விடுமுறை நாளில் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. வழிந்த இடத்தை மட்டும் சரி செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். வெள்ளை வண்ணம் தோய்த்த உருளையை ஓட்டி வழிசலை மறைத்தாள், பக்கத்திலிருந்த சேறு கண்ணை உறுத்தியது. அதை மறைத்தாள், நாய் அந்தரத்தில் தொங்கியது. கை நிற்கவில்லை. பச்சைப் படிக்கட்டுக்கு முன்னால் மட்டும் சற்று நின்றாள். சுற்றிலும் வெள்ளையாக, அது மட்டும் தனியாக அசிங்கமாகத் தெரிந்தது. உருளையை அதன் மேலும் ஓட்டிவிட்டாள். வெயில் சாய்வதற்குள் சுவர் முழுக்கக் கொடியும் இலையுமாக, அளவெடுத்த மாதிரி வரைந்து முடித்திருந்தாள். ஓர் இலைகூடப் பிசகவில்லை.

பள்ளி திறந்த காலை, பிள்ளைகள் சுவரைப் பார்த்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அன்று மாலை வீட்டில் மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"போதும் டீச்சர்."

கணவர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்தவர், மகளின் தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

பெரியவர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் சுவருக்கு முன்னால் நின்று, "அடடா, என்ன சுத்தமான கை! எல்லாம் பிள்ளைங்க வரைஞ்சதா?" என்று கேட்டார். தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார். வரிசையில் நின்ற ஆறாம் வகுப்பு மொத்தமும் பம்பரத்தைப் பார்த்தது. மகள் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள் அவள். "இது நான் வரைஞ்சது. இதுக்கு அடியில பிள்ளைங்க வரைஞ்சது இருக்கு. நீங்க வர்றீங்கன்னு பயந்து நான்தான் அழிச்சேன்."

மூத்தவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் இலைகளையே பார்த்தார். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று யாருக்கென்று இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தார்.

பிறகு தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நான் அழிக்கச் சொன்னேனா?"

"சொல்லலை மேடம்."

"அப்புறம் ஏன் எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சீங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "சரி, அது போகட்டும். இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல மேடம்." அது நிஜம்.

அடுத்த வகுப்புக்குள் மதிலுக்கு மறுபடியும் வெள்ளையடித்துவைத்து, பிள்ளைகளிடம் தூரிகைகளை நீட்டினாள். ஒருவரும் வாங்கவில்லை. வாலு என்று பேரெடுத்த பையன்தான் வாயைத் திறந்தான்.

"வரைஞ்சா மறுபடியும் அழிச்சிடுவீங்கல்ல டீச்சர்?"

மாட்டேன் என்று சொல்ல வந்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்? என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தூரிகையை வெறும் தண்ணீரில் நனைத்துச் சுவரின் பக்கம் திரும்பினாள். மூச்சை இழுத்தாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. எத்தனையோ வருடமாகப் பிறரைப் போடச் சொன்ன கோடு. தானே போட்டு எவ்வளவு காலம் ஆகிறது! கோடு பாதியில் வளைந்தது.

"கோணல்!" என்றான் வாலு.

"ஆமா, கோணல்தான்." இன்னொன்று போட்டாள்.

"டீச்சர் மூச்சே விட மாட்டேங்கறாங்கடீ" என்று பின்னால் ஒருத்தி கிசுகிசுத்தாள். வெயிலில் முதல் கோடு மெல்ல மறைந்துகொண்டிருந்தது. "ஐயோ, அதுவா அழிஞ்சுபோகுது!" என்று யாரோ சிரித்தார்கள். யாரும் அழிக்காமல் தானாக அழியும் கோட்டில் பயப்பட ஒன்றுமில்லை. வாலு வாளியில் தூரிகையை முக்கினான். பிறகு இன்னும் சிலர். சற்று நேரத்தில் சுவர் நெடுகக் கன்னம் உப்பிய முகங்கள்; ஈரக் கோடுகள் தோன்றுவதும் காய்வதுமாக இருந்தன. சத்தமும் கொட்டாவியும் இல்லாமல் அவள் அந்தப் பள்ளியில் பார்த்த முதல் வகுப்பு அதுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் தண்ணீர்க் கோட்டில் தொடங்கியது. பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கைக்குப் பழகும்வரை உள்ளது உள்ளபடி தாளில் வரைய வேண்டும். பழகிய பிறகு அதைச் சுவரில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கைக்குப் பழகிவிட்டது என்று யார் சொல்வது? "நீயே சொல்லு" என்றாள். ஒருவர் வரைந்ததில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, டீச்சரும் சேர்த்துத்தான். அந்த விதியைப் பிள்ளைகள் போட்டார்கள்.

வாலு தன் செருப்பை எடுத்துக்கொண்டான். வார் அறுந்தது உட்பட, சலிக்காமல் வரைந்தான். சுவருக்கு வந்தபோது அந்தச் செருப்பு ஒரு படகாகிவிட்டது. அறுந்த வார் நங்கூரமாகத் தொங்கியது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "வரைஞ்சு வரைஞ்சு போரடிச்சுது டீச்சர், அதுவா வந்துச்சு" என்றான்.

மகள் முதலில் எதிலும் சேரவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போய்ப் பேசலாமா, வேண்டாமா என்று அம்மா உள்ளுக்குள் கிடந்து துடித்தாள். ஒரு மதியம் மகள் மாடிப் படியின் திருப்பத்தில் உட்கார்ந்து, கீழ்ப்படிகளை உற்று உற்றுப் பார்த்துச் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டிருப்பதைக் கண்டாள். திரும்பியும் பார்க்காதவள் மாதிரி கடந்து போனாள். அப்படிப் போனதுதான் அந்த வருடத்திலேயே கடினமான வேலை என்று பிறகு கணவரிடம் சொன்னாள்.

கடைசியில் மகள் சுவரில் வரைந்தது பழைய படிக்கட்டு இல்லை. விளிம்புவரை போய், திரும்பி, வேறு பக்கமாக இறங்கும் படிகள். ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட அகலம்.

"இது ஏன் அகலம்?"

"அதுல உக்காந்துக்கலாம்மா" என்றாள் மகள், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதில் முழுக்க அழகு என்று சொல்ல முடியாது. வலது மூலையில் மண் நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. வரைந்த பெண் அது உருளைக்கிழங்கின் கனவு என்று சாதித்தாள். தலைமையாசிரியை அங்கே வந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இதனால் மார்க் ஏறுமா என்று கேட்ட பெற்றோரும் உண்டு. கணக்கு ஆசிரியர் மட்டும் ஒரு நாள் வந்து, வாய்ப்பாடு ஒப்பிக்கும் முன் அந்த மூச்சுக் கோட்டைத் தன் வகுப்பிலும் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர் கேட்டதும் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் வகுப்புக்கே நடந்துவிட்டாள்.

பம்பரம் சுற்றுவது நின்றுவிடவில்லை. உருளைக்கிழங்கைக் கடக்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. ஒரே ஒரு தொடுகை, ஒரு சின்ன நிழல் போதும் என்று தோன்றுகிறது. கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறாள். ஆய்வுக்கூடத்தின் பின்சுவர் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அதையும் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடலாம் என்று இன்று காலையிலிருந்து தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.