சாமி இல்லை, சர்தார்: சாந்தன்பாறையில் ஒரு பொய்ப் பலகை

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். பக்தி இல்லை. எழுபது வயதுக்கு மேல் பஞ்சாயத்து வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். சோப்பு உறையைக்கூட விடுவதில்லை, அவ்வளவு இன்பமாக இருக்கிறது. போன தை மாதம் போனில் ஒருவருடைய பயணக் கட்டுரை கிடைத்தது. சாந்தன்பாறை ஏலக்காட்டுக்குள் "பேசாச் சாமி" கோயில் இருக்கிறதாம். இமயமலையிலிருந்து வந்த சித்தராம். கடைசி மூச்சு வரை மௌனம் காத்து ஜோதியில் கலந்தாராம். படித்து முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. அந்தச் "சித்தர்" பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து அவரை அந்த மலைக்குக் கூட்டிப் போனவன் நான்.

அவர் பெயர் குர்மேல் சிங். பஞ்சாபில் வயல் கூலிகளுக்குச் சங்கம் கட்டியவர். எமர்ஜென்சியை எதிர்த்து மேடையில் பேசினார் என்று வாரண்ட் போட்டார்கள். பஞ்சாபி லாரிக்காரர்கள் கை மாற்றிக் கை மாற்றி அவரைக் கேரள எல்லையில் வாளையாறு வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் அங்கே மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளி. அந்த லாரிகளில் மூட்டை இறக்கி இறக்கி எனக்குக் கொஞ்சம் இந்தி ஒட்டியிருந்தது. அதனால் எங்கள் சங்கத்தார் அவரை எலப்புள்ளியில் என் வீட்டில் விட்டார்கள். நாலு நாள் இருந்தால் லாரிக்காரர் என்று சொல்லலாம். நாலு வாரம் இருந்தால் ஊர் கேட்கும். பாலக்காட்டு டவுனில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த தலைவர்கள், "முடியையும் தாடியையும் எடுத்துவிடச் சொல், வேலை சுலபம்" என்று ஆள் அனுப்பினார்கள். நான் அதை இந்தியில் சொன்னேன். சர்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முடியை எடுத்துவிட்டு நீங்கள் யாரை ஒளித்து வைக்கப் போகிறீர்கள்?" என்றார். தலைப்பாகையை மட்டும் அவிழ்த்துவிட்டுக் காவித் துண்டு கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அதற்கே அவர் கண் கலங்கியது. அந்தத் தலைவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

1976, தைப்பூசம் முடிந்த சமயம், பழனி வழியாக அவரை ஏலக்காட்டு மலைக்குக் கொண்டுபோய் எஸ்டேட் வேலையில் ஒளித்து வைப்பது என்று எங்கள் சங்கத்தார் முடிவு செய்தார்கள். எலப்புள்ளியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கிருந்து பழனி பஸ். இப்போதும் அதே வழிதான், ரோடு மட்டும் நன்றாக இருக்கிறது. இந்த முறை வழியில் இருந்த கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே போனதில் உடுமலை வந்ததே தெரியவில்லை. அன்றைக்கு உடுமலையில்தான் வாழைப்பழக் கூடையோடு ஒரு அம்மா ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இவரு பழனிக்கு முடி நேந்துக்கிட்டவருங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் சர்தார் தலையை ஆட்டிவிட்டார். அவருக்குப் புரிந்தது பழனி என்ற ஒரு சொல்தான். பஸ் அங்கேதானே போகிறது.

"எத்தன வருசமாங்க வளக்கறீங்க?"

சர்தார் சிரித்தார்.

"அட, மௌன விரதமுங்களா? முன்னாலயே சொல்லக் கூடாதுங்களா, நாம்பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறேன்." சர்தார் மடியில் இரண்டு பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க பேசறீங்கல்ல, நீங்க என்னத்த நேந்தீங்க?"

"இவரக் கூட்டீட்டுப் போயி உடறதுக்கு நேந்துக்கிட்டேனுங்க" என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னது. மற்றதை எல்லாம் பஸ்ஸே முடிவு செய்துவிட்டது.

பழனியில் பஸ் மாறும்போது மொட்டைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சர்தார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. வத்தலக்குண்டு, தேனி, போடி. போடியிலிருந்து மேலே கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டு செக்போஸ்டில் போலீஸ்காரர் ஏறி சர்தார் முன்னால் நின்றார். பழனியிலிருந்தே எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், "சாமி மௌனத்துல இருக்காரு சார், தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பூப்பாறைக்கு அப்பால் சாந்தன்பாறையில் ஒரு ஏல எஸ்டேட். எஸ்டேட் பெயரை எழுத மாட்டேன். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். எனக்கு மூட்டை தூக்குகிற வேலை. அவருக்கு ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கு விறகு சேர்க்கிற வேலை. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருநீறு கேட்டு வந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் பேசிய மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு திருநீறு பூசினார். காட்டுக்குள் விறகு எடுக்கப் போனால்தான் அவர் வாய் திறக்கும். திறந்தால் மூடாது. "எங்கள் ஊரில் பேசினதற்கு ஜெயில். இங்கே பேசாததற்கு மாலை. ஜெயிலே தேவலை" என்றார் ஒருநாள். அவர் சிரிக்கவில்லை.

மழைக்காலம் முடியும்போது குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முகாம் வந்தது. இத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவாம். போகாதவர்களுக்கு லயத்தில் இடமில்லை என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். காலையில் ஜீப் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. செல்லத்தாய் என்ற பெண்ணைக் கங்காணி கையைப் பிடித்து இழுத்தார். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது, இடுப்பில் ஒரே ஒரு பிள்ளை.

அப்போதுதான் கங்காணிக்கு ஒரு யோசனை வந்தது. "சாமிய முன்னால நிப்பாட்டுங்கடா. சாமி கையத் தூக்குனா சனம் ஏறிரும்." மாலை போட்டு ஜீப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "சாமி, பேச வேணாம். கைய மட்டும் தூக்குங்க, போதும்."

சர்தார் செல்லத்தாயைப் பார்த்தார். மாலையைக் கழற்றி ஜீப்பின் மேல் போட்டார். "போகாதே" என்றார். தமிழில்தான். எட்டு மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தவருக்குத் தமிழ் வராமலா இருக்கும்? "யாரும் போகாதே. வீட்ட விட்டு வெரட்ட முடியாது. எல்லாரும் சேந்து நில்லு." பிறகு இந்தியும் பஞ்சாபியும் கலந்து கொட்டினார். பாதி யாருக்கும் புரியவில்லை. ஆனால் யாரும் ஏறவில்லை.

"அடப்பாவி, நீ பேசுவியா?" என்று கங்காணி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

எஸ்டேட்டே போலீசுக்கு ஆள் அனுப்பியது. போலீஸ் வருவதற்குள் சர்தார் காவித் துண்டை உதறிப் பிரித்து, அவர்கள் ஊர் முறைப்படி மடித்து மடித்துத் தலைப்பாகையாகக் கட்டினார். அவசரமே படவில்லை. அந்தத் தலையோடுதான் போலீஸ் ஜீப்பில் ஏறினார். ஜோதியில் கலக்கவில்லை. எமர்ஜென்சி முடிந்ததும் வெளியே வந்து, சொந்த ஊரில் மறுபடியும் மேடை ஏறிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வாளையாறில் ஒரு பஞ்சாபி டிரைவர் சொன்னார். அதற்குமேல் தெரியாது.

இனி இந்த மாசிக்கு வருகிறேன். சாந்தன்பாறையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், நூற்றைம்பது ரூபாய். லயம் இடிந்துவிட்டது. நாங்கள் இருந்த அறை மட்டும் கோயில். உள்ளே தாடியோடு ஒரு சிமெண்ட் சிலை, பக்கத்தில் வேல், வெளியே பளபளவென்று ஒரு பலகை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அந்தக் கட்டுரையில் இருந்த பொய் அத்தனையும் அதில் இருந்தது. "கடைசி மூச்சு வரை மௌனம்." அடியில் சின்ன எழுத்தில்: "உபயம், எஸ்டேட் நிர்வாகம்." போலீசைக் கூப்பிட்டதும் அவர்கள். பேசவே இல்லை என்று எழுதி வைத்ததும் அவர்கள். படிக்கத் தெரியாமலே செத்திருந்தால் இந்த எரிச்சல் இருந்திருக்காது. ஆனாலும் படிக்கத் தெரிந்தது நல்லதுதான்.

பூசை செய்கிறவர் பெயர் முருகன், ஐம்பது வயதை நெருங்குகிறவர். "திருநீறு எடுத்துக்கங்கய்யா" என்றார்.

"இந்தப் பலகைல எழுதுனது பூராம் பொய்யிங்க" என்றேன்.

"என்னய்யா இப்படிச் சொல்லிப்புட்டீக? எங்கம்மா சாகுற வரைக்கும் இந்தச் சாமியத்தான கும்புட்டுச்சு. சாமி வரத்துல பொறந்தவன்டா நீன்னு சொல்லும்."

"அம்மா பேருங்க?"

"செல்லத்தாய்."

நான் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஜீப், மாலை, கங்காணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தக் காலைக்கு அடுத்த வருஷம் பிறந்த இரண்டாவது பிள்ளை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சாமி பேசுச்சா?"

"பேசினாருங்க. நிறுத்தவே இல்லீங்க."

"இந்தப் பலகை எஸ்டேட்டு வச்சது, நாம தொட முடியாதுய்யா" என்றார். பிறகு எழுந்து உள்ளே போனார். "பின் சுவரு நான் வெள்ளையடிச்சது. அத யாரு கேக்கப் போறா." காவிப் பெயிண்டு டப்பாவையும் பிரஷையும் என் கையில் கொடுத்தார்.

மெதுவாகத்தான் எழுதினேன். எனக்கு வேகமாக வராது. முருகன் பக்கத்தில் நின்று பெயிண்டு ஒழுகாமல் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து விடிகாலையில் கிளம்புங்கள். போடியில் சாப்பிட்டுவிடுங்கள், மேலே போனால் நல்ல சாப்பாடு கிடைப்பது கஷ்டம். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் இஷ்டம், முருகன் கோபிக்க மாட்டார். ஆனால் முன்னால் இருக்கும் பலகையைப் படித்ததோடு திரும்பிவிடாதீர்கள். பின்னால் போய்ச் சுவரைப் பாருங்கள்: "இவர் குர்மேல் சிங். போகாதே என்று பேசினார். அதற்காகப் போலீஸ் கொண்டுபோனது." எஸ்டேட்காரர்கள் அதை அழித்திருந்தால், எதிரே டீக்கடை அடுப்பில் கரி கிடக்கும். ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வரிதான்.