காலுக்கு எண்ணெய் தடவச் சொன்ன அக்கா

இன்று காலை மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், தன் இரண்டு மகள்களுடன் உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் மூத்த பெண் சட்டென்று கால்களை மேலே இழுத்துக்கொண்டாள்.

"விசில் கேட்டா இப்படித்தான் சார்" என்று அவளே சிரித்தாள். முன்பு எண்ணூறு மீட்டர் ஓடியவளாம். கோச் விசில் அடித்ததும் எல்லோரும் ஓடிவந்து நிற்க வேண்டும். கடைசியாக வருகிறவளுக்குக் கெண்டைக்காலில் ஸ்கிப்பிங் கயிற்றால் அடி.

"இப்ப ஓடறதில்லையாம்மா?"

"கிரவுண்டைப் பார்த்தாலே வாந்தி வருது சார்."

"அந்த அடியிலதான் சார் கப்பே வந்துச்சு" என்றார் அப்பா. "சின்னது இவளைவிட நல்லா ஓடும். அதே கோச்சுகிட்ட ஹாஸ்டல்ல சேக்கப் போறோம்."

அக்கா தங்கையிடம் மெதுவாகச் சொன்னாள். "உப்பளத்துக்குப் போறப்ப உப்பு அரிக்காம இருக்க அப்பா தடவிக்கற மாதிரி காலுக்கு எண்ணெய் தடவிக்கோடி. அடி கொஞ்சம் வழுக்கும். அழுதுடாத, இன்னொண்ணு விழும்."

"நான் லாஸ்ட்டா வந்தாத்தானே?"

"யாராவது ஒருத்தி லாஸ்ட்டா வந்துதானேடி ஆகணும்?"

வேறு கோச்சிடம் சேர்க்கலாமே என்றேன் அப்பாவிடம்.

"அடிக்காத கோச் யாராவது இருந்தா சொல்லுங்க சார், இப்பவே எறங்கிக்கறோம்."

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இத்தனை வருடம் விளையாட்டுச் செய்தி எழுதிய எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. பாண்டிச்சேரியில் மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயர் போதும், எத்தனை மெடல் என்ற விவரம் வேண்டாம்.