ரீபவுண்டு அக்காவின் அறுபத்தொன்று

கல்லூரிக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் நடக்கும் உள்ளரங்கத்தில், நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு நீலப் பலகை இருக்கிறது. தொடரின் சாதனைகளெல்லாம் அதில் வரிவரியாக எழுதியிருக்கும். மற்றப் பெயர்கள் வெளுத்துக் கிடக்க, ஒரு வரி மட்டும் நேற்று எழுதியதுபோல் பளிச்சென்று தெரியும். ஒரே தொடரில் அதிக ரீபவுண்டு: அறுபத்தொன்று. அந்த வரிக்குச் சொந்தக்காரி ஒரு பெயிண்ட் கடைக்காரி. பலகைக்கு வருடா வருடம் பெயிண்ட் கொடுப்பவளும் அவள்தான், தூரிகை பிடிப்பவளும் அவள்தான். மற்ற வரிகளுக்கு ஒரு பூச்சு, தன் வரிக்கு இரண்டு. யாராவது கேட்டால், "ஓசிப் பெயிண்ட்ல எனக்கு ஒரு கோட்டு சேத்து அடிச்சுக்கக் கூடாதா?" என்பாள்.

வளையத்தில் பட்டு உள்ளே போகாமல் தெறித்து வரும் பந்தைத் தாவிப் பிடிப்பதற்குத்தான் ரீபவுண்டு என்று பெயர். கைதட்டல் பந்து போட்டவளுக்கே போகும். பிடித்தவளுக்கு மிஞ்சுவது விலாவில் நாலு இடி. அவள் ஒன்றும் நெட்டையில்லை. ஆனால் அவள் வளர்ந்த வீடு வேறு மாதிரி வீடு. அண்ணன் ஐந்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். தள்ளுவண்டியில் பெயிண்ட் டப்பா விற்று, பிறகு ஒரு சந்துக்குள் கடை பிடித்து, பிறகு அதையே மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தவர். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. தங்கை கல்லூரிக்குப் போகுமுன் தினமும் கடையில் சரக்கு இறக்கினாள். இருபது லிட்டர் வாளியை இடுப்பில் ஏந்தி ஏணி ஏறிப் பழகியவளை இடித்து நகர்த்த எந்தக் கல்லூரியிலும் ஆள் இல்லை. எறிபவளின் மணிக்கட்டைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டு, அங்கே போய் நின்றுகொள்வாள். பந்து வீடு திரும்பும் பிள்ளை மாதிரி அவள் கைக்கு வரும்.

அப்படி எடுத்ததுதான் அறுபத்தொன்று. அண்ணன் அதைக் கடைப் பலகையிலேயே எழுதிவிட்டார். ஒரு லிட்டர் வெள்ளை கேட்டு வந்தவர், அறுபத்தொன்றின் கதையையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். விளையாட்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரீபவுண்டு அக்கா.

ஆட்டத்தை நிறுத்திய பிறகும் அவள் அரங்கத்தை விடவில்லை. சாம்பியன்ஷிப் வந்தால் கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு, மைதானத்து ஓரத்தில் புள்ளிவிவர மேசையில் போய் உட்காருவாள். பார்த்துச் சொல்வது அவள் வேலை. பக்கத்தில் ஒரு வங்கிக் குமாஸ்தா, லீவு போட்டுவிட்டு வந்து கணினியில் அடிப்பார். அவள் கண் கீழே இறங்கக் கூடாது, அவர் கண் மேலே ஏறக் கூடாது. "சிவப்பு ஏழு, எறிஞ்சா, போகல. பச்சை ஒம்பது, ரீபவுண்டு." மூச்சு விடாமல் இப்படியே ஓடும். ஆட்டம் முடிந்ததும் தாள் அச்சாகி வரும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் அது கணக்கு. இத்தனை வருடத்தில் அவள் போட்ட கையெழுத்தை எந்தப் பயிற்சியாளரும் கேள்வி கேட்டதில்லை. அறுபத்தொன்றுக்கு அடுத்தபடி அவள் மார்தட்டிக்கொள்வது அதைத்தான்.

இந்த வருடம் அந்த அறுபத்தொன்றுக்கே ஆபத்து வந்தது. பச்சைச் சட்டை அணியில் ஒன்பதாம் எண்காரி, ஒல்லியாக, கழுத்தும் காலும் நீண்ட பெண். கூட்டாளிகள் அவளைக் கொக்கு என்பார்கள். மூன்று ஆட்டத்தில் நாற்பத்தெட்டு எடுத்துவிட்டாள். இறுதி ஆட்டத்தில் பதினான்கு எடுத்தால் பலகையில் பெயர் மாறும். எடுத்தாளா இல்லையா என்று சொல்லும் வாயோ ரீபவுண்டு அக்காவின் வாய்.

இறுதி ஆட்டத்தன்று வாசலிலேயே காவலாளி ஆரம்பித்துவிட்டார்.

"என்னக்கா, கண்ணாடி கொண்டு வந்தீங்களா, இல்ல இன்னிக்கு மட்டும் மறந்துட்டீங்களா?"

"எனக்கு எதுக்குண்ணே கண்ணாடி? கண்ணை மூடிட்டே சொல்வேன்."

"அதான் பயமா இருக்கு."

மேசையில் உட்கார்ந்தால் பின்வரிசையில் ஒரு குரல், "கொக்கு பத்து எடுத்தா அக்கா அஞ்சுன்னு சொல்லும்டா" என்றது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் முள் உள்ளே போய்விட்டது. குமாஸ்தா மட்டும், "காதுல வாங்காதீங்க" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. கொக்கு ஒவ்வொன்றாக எடுத்தாள். அக்காவும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது, பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று. பதின்மூன்று வந்துவிட்டது. சாதனை சமமாகி, அரங்கமே காலால் தரையைத் தட்டியது.

கடைசி நிமிடத்தில் சிவப்பு அணி எறிந்த பந்து வளையத்தில் முட்டித் தெறித்தது. ஐந்தாறு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஏதோ ஒரு கை பந்தைத் தட்டி எடுத்தது. கீழே பார்த்தால் பந்து பச்சை நான்காம் எண் குட்டைப் பெண்ணிடம் இருக்கிறது. எப்போதும் கண் சொன்ன பிறகு பேசும் வாய், அன்று முதல் தடவையாக முந்திக்கொண்டது.

"பச்சை ஒம்பது, ரீபவுண்டு."

குமாஸ்தா அடித்தார். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் புதிய சாதனை என்று முழங்கினார். பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பின்வரிசைக்காரன், "அக்கா பெரிய மனசுதான்" என்று கத்தினான். அவளும் கைதட்டினாள். தன் சாதனையைத் தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று கொஞ்சம் மிதப்பாகக்கூட இருந்தது.

ஆட்டத்தைப் பச்சை அணி வென்றது. தாள் அச்சாகி வந்தது. பேனாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். பந்தைத் தட்டிய அந்தக் கை கண்ணுக்குள் வந்தது. மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. கொக்கு பட்டை போடுகிற வழக்கமில்லை. மைதானத்தில் வெள்ளைப் பட்டை போட்டிருந்தது ஒரே ஒருத்தி, அந்தக் குட்டைப் பெண்.

"அந்தக் கடைசிப் பந்தை வீடியோல ஓட்டுங்க," என்றாள்.

குமாஸ்தா ஓட்டினார். நிறுத்தி மறுபடி ஓட்டினார். குட்டைப் பெண் எம்பித் தட்டி, கீழே இறங்கித் தானே பிடித்திருக்கிறாள். கொக்கின் விரல் பந்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது.

அவர் திரையை மூடப் போனார். "விட்டுடுங்கக்கா. யாரும் கேக்கல. நீங்களா போய் மாத்தினா என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். வயித்தெரிச்சல்ல திருப்பி வாங்கிட்டான்னு பேசுவாங்க."

"அப்புறம் ஏன்?"

"நான் நல்லவன்னு பேர் எடுக்கறதுக்கு அந்தக் குட்டச்சியோட பந்தை எடுத்துக் குடுத்திருக்கேன். அது ஒண்ணு. இன்னொண்ணு, இன்னிக்கு நான் ஒண்ணு கூட்டிப் போட்டா, என் அறுபத்தொண்ணையும் எவளோ ஒருத்தி இப்படித்தான் கூட்டிப் போட்டிருப்பான்னு ஆயிடும். இடி வாங்கி எடுத்ததுங்க அது."

அறிவிப்பாளரிடம் போனாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னை வம்புல மாட்டி விடாதீங்க, நீங்களே சொல்லிக்கோங்க," என்று ஒலிவாங்கியை நீட்டிவிட்டார். அவள் வாங்கினாள். கடைசி ரீபவுண்டு பச்சை நான்கினுடையது, தவறு தன்னுடையது, ஒன்பதாம் எண்ணின் கணக்கு அறுபத்தொன்று, சாதனை சமம், அவ்வளவுதான் என்று சொன்னாள்.

அரங்கம் ஊளையிட்டது. பச்சை அணியின் பயிற்சியாளர் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, சொந்த ரெக்கார்டைக் கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்குவீங்களா? ஒரு சின்னப் பொண்ணு வாயில இருந்து பிடுங்கறீங்களே."

"வீடியோ இருக்கு சார், பாருங்க."

"வீடியோ எனக்கு வேணாம். உங்க எண்ணம்தான் தெரியுதே."

வாய்க்கு வாய் கொடுக்கத் தெரியாதவள் இல்லை அவள். ஆனால் தாளில் திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், அதை முடிக்க வேண்டும்.

அப்போது கொக்கு கழுத்தில் துண்டோடு வந்து நின்றாள். குட்டைப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"சார், என் விரல்ல படவே இல்ல. இவதான் எடுத்தா. எல்லாரும் கத்தினதும் எனக்குச் சொல்ல வாய் வரல."

பயிற்சியாளர் அவளைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்துபோனார். குட்டைப் பெண் மெல்லக் கேட்டாள், "அப்ப அது என் கணக்குல வந்துடுமாக்கா?"

"வந்துடுச்சு. பாத்துக்கோ."

தாளில் தன் எண்ணுக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு, மேடையில் கோப்பை வாங்கியவர்கள் முகத்தில்கூட இல்லை.

மறுநாள் காலை அக்கா பெயிண்ட் டப்பாவோடு பலகை முன்னால் வந்து நின்றாள். அண்ணனும் கூடவே வந்து ஏணியைப் பிடித்தார். ஒரு வரியில் இரண்டு பெயர் எழுத இடமில்லை. வருடா வருடம் இரண்டு பூச்சு அடித்து அடித்து அவள் எழுத்து அவ்வளவு தடித்திருந்தது. பெயிண்ட் உரிக்கும் தகட்டை எடுத்துத் தன் பெயரைத் தானே சுரண்டினாள். பிறகு மெல்லிய தூரிகையால் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள்.

"கடைப் பலகைல என்ன எழுதறது?" என்றார் அண்ணன். "பங்குக்கு ஆள் வந்துட்டாளே."

"இருக்கறது இருக்கட்டும்ணே. அறுபத்தொண்ணு குறையலையே."

பயிற்சிக்கு வந்த கொக்கு பின்னால் நின்று பலகையைப் படித்தாள். "உங்க பேரு முன்னாடி போட்டிருக்கீங்க."

"முன்னாடி எடுத்தது நான்தானே."

"அடுத்த வருஷமும் நான் ஆடுவேன்க்கா."

"ஆடு. அந்தப் பின்வரிசை முகரைங்க முன்னாடி நீ அறுபத்திரண்டு எடு, நானே ஒரு வாய்க்கு ரெண்டு வாயா கத்தறேன். அதுவரைக்கும்," என்று சொல்லிக்கொண்டே தூரிகையை மறுபடி டப்பாவில் தோய்த்தாள், "பெயிண்ட் என்னுது."

இரண்டு பெயருக்கும் இரண்டாவது பூச்சு அடித்தாள். இரண்டும் ஒரே கனம்.