பாய் கீறிய கதவு

துருவோடு மல்லுக்கட்டிப் பெயிண்ட் விற்கக் கிளம்பினால் முதலில் நம் மூளைதான் துருப்பிடிக்கும். பை தூக்கிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் நான் விற்றது ஒரு கரும்பச்சை அடிப்பூச்சு. ஈயம் கிடையாது, குரோமியம் கிடையாது, தண்ணீர் கலந்தே பூசலாம். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கடையாவது பிடிக்காவிட்டால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஷாக்

பஜாரில் பெரிய ஹார்டுவேர் கடை காதர் பாயுடையது. இது மின்சாரம் கடத்தும் பாலிமர், அதனால்தான் இரும்பைக் காக்கிறது என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன். டப்பாவைத் தொடப்போன பாய் கையை இழுத்துக்கொண்டார். ஷாக் எல்லாம் அடிக்காது என்று நானே விரலை விட்டுக் காட்டினேன். கடைசியில், குடோன் கேட்டில் பூசு, மழைக்குத் தாங்கினால் சரக்கு எடுக்கிறேன் என்றார்.

"ஆனா ஒண்ணு தம்பி, கேட்டைத் தொட்டு எவனாவது வுழுந்தான்னா நீதான் வந்து பதில் சொல்லணும்."

மூக்கு

பூச வந்தவர் பெயிண்டர் முனுசாமி. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், வாசனையே இல்லையே என்று பழக்க தோஷத்தில் தண்ணீருக்குப் பதில் தின்னரை ஊற்றிக் கலக்கிவிட்டார். டப்பா முழுக்கத் திரிந்து கட்டி கட்டியாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த சின்ன டப்பா ஒரு பக்கக் கதவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அடுத்த கதவுக்கு வழக்கமான ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு. முனுசாமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"மூக்குல ஏறலன்னா அது இன்னா சார் பெயிண்டு?"

கீறல்

அந்த வருஷம் ஏரி நிரம்பி வழியப் பெய்தது. மழை விட்டதும் ஓடினேன். என் கதவில் இரும்பு தெரிகிற மாதிரி முழ நீளத்துக்கு ஒரு கீறல். போச்சு, வேலை போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். பாய் சிரித்தார். பூசின மறுநாளே ஆணியால் இரண்டு கதவையும் கீறியது அவரேதானாம். எந்தப் பெயிண்ட் வந்தாலும் அவர் அப்படித்தானாம்.

பக்கத்துக் கதவின் கீறலிலிருந்து துரு ஒழுகிக் கீழ்வரை இறங்கியிருந்தது. என் கதவின் கீறல் மங்கிப்போய், பொட்டுத் துரு இல்லாமல் கிடந்தது. அடிபட்ட இடத்திலும் இரும்பின் மேல் தானாகவே ஒரு மெல்லிய காப்பை உண்டாக்கும் என்று டிரெய்னிங்கில் சொன்னபோது நானே நம்பவில்லை. அடேயப்பா, என்ன சரக்கய்யா இது என்று அந்தக் கீறலைத் தடவிக்கொண்டே நின்றேன். பாய் அங்கேயே ஆர்டர் கொடுத்தார். என் வேலை பிழைத்தது.

"சரக்கு ஷோக்கா கீது தம்பி. கொஞ்சம் வாசனை மட்டும் போட்டு அனுப்பச் சொல்லு, இல்லன்னா முனுசாமி தொட மாட்டான்."

விஞ்ஞானிகள் மெனக்கெட்டு ஒழித்த நாற்றத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனியிடம் கேட்ட ஒரே விற்பனைப் பிரதிநிதி அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.