யப்பான் குதிரைக்கு ஓர் அர்ச்சனை

டோர்ட்மண்ட் பந்தயத் திடலில் குதிரை லாயம் கூட்டித்தான் நான் பிழைப்பைத் தொடங்கினேன். இன்று எனக்கு மூன்று கடைகள். எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் பின்னங்காலைப் பார்த்தே குதிரையின் வேகத்தைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நானே வாய்பிளந்து பார்த்தது ஒரு யப்பான் குதிரையை. ஞாயிறு காலைகளில் அதன் ஓட்டத்தைக் கைபேசியில் பார்ப்பேன். கடைசி வளைவுவரை பின்னால் வந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் தாண்டிப் பறக்கும். அங்கே அதை வெல்ல ஒரு குதிரையும் இல்லை. அது பாரிசுக்கு ஓட வருகிறது என்றதும் புதுக் கோட்டே தைப்பித்தேன். அதன் குளம்புச் சத்தத்தை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பிறகு முன்னங்காலில் காயம் என்று செய்தி வந்தது. கோயிலுக்கு ஓடினேன்.

"ஆரின்ரை பேருக்கு அர்ச்சனை?" என்றார் ஐயர்.

"ஒரு குதிரைக்கு ஐயா. யப்பான் குதிரை."

"நட்சத்திரம்?"

"அதை நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

பின்னால் நின்ற மனைவி, "என்ரை முழங்காலுக்கு ஒருநாள் செய்திருப்பியளே?" என்றாள்.

ஐயர் சிரித்தபடி சுவாமி பேருக்கே செய்தார்.

கால் ஆறிவிட்டது. ஆனால் இனி ஓடவிடுவதில்லை என்று அதைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டு அலுமாரியில் தொங்குகிறது. இப்போதும் திடல் வேலியோரம் போய் நிற்கிறேன். குதிரைகள் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். அதன் சத்தம் இப்படி இருந்திருக்காது.