மூன்று பெட்டிக் குஞ்சுகளும் ஒரு பொய்க் காரணமும்

எங்கள் முகாமையாளருக்கு அந்த மென்பொருளில் ஒரேயொரு திரைதான் தெரியும்.

வவுனியாவில் கோழிக்குஞ்சும் கோழித்தீனும் விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றின் கிளைக் கந்தோர் அது. நான் அங்கே ஓடர் பதிபவளாக இருந்தேன். முகாமையாளர் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதிக் கணினியின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருந்தார். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடவும் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் இருப்பைப் பங்கிடும் திரை என்றால் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்திவிடுவார்.

அந்தத் திரையில் வாடிக்கையாளர்கள் பதிந்த திகதி ஒழுங்கில் நிற்பார்கள். கேட்டதெல்லாம் கிடைப்பவருக்குப் பச்சை, பாதி கிடைப்பவருக்கு மஞ்சள், ஒன்றுமில்லாதவருக்குச் சிவப்பு. ஒருவருக்கு ஒதுக்கிய பெட்டியை எடுத்து இன்னொருவருக்குப் போடவும் வழி இருந்தது. குஞ்சு தாராளமாக வந்த காலத்தில் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. தீன் விலை ஏறி, குஞ்சு பொரிப்பகங்கள் தாய்க்கோழிகளைக் குறைத்த பிறகுதான் தெற்கிலிருந்து வரும் லொறி பாதி வெறுமையாக வரத் தொடங்கியது. அன்றிலிருந்து அவருடைய நடையே மாறிப்போயிற்று. தாய்க்கோழி குறைந்ததால் பெரிய மனிதரானவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

யாருக்குப் பச்சை, யாருக்குச் சிவப்பு என்று சொல்லும்போது அவர் குரல் தணிந்து, கோயில் தர்மகர்த்தா ஆள் பார்த்துக் காளாஞ்சி மரியாதை கொடுக்கும் தோரணை வந்துவிடும். கோழிக்குஞ்சுக்கு இவ்வளவு தோரணையா என்று அவரை இளக்காரமாகப் பார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லொறி வர ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அவர் வந்து குந்தினார்.

“பிள்ளை, உந்த ஓமந்தைப் பொம்பிளையின்ர மூண்டு பெட்டியையும் எடுத்து மண்டபக்காரருக்குப் போடும்.”

மண்டபக்காரர் என்பவர் கல்யாண மண்டபம் ஒன்றின் சொந்தக்காரர். பொழுதுபோக்குக்குக் கோழிப் பண்ணை தொடங்கியிருந்தார். முந்தின கிழமைதான் தொலைபேசியில் ஓடர் சொன்னவர். ஓமந்தைப் பக்கத்து அக்காவோ இரண்டு மாதத்துக்கு முன்பே நேரில் வந்து பதிந்துவிட்டுப் போனவர்.

“அவா எப்பவோ பதிஞ்சவா, சேர். கொட்டிலையும் சூடாக்கி வைச்சிருப்பா.”

“அவை தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள்தானே. காத்திருக்கிறது அவைக்குப் பழக்கம்.”

அந்த அக்காவின் தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். முகாமையாளரின் பேச்சு எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் வயல் செய்த என் வீட்டிலும் சோற்றுக்கு முன்னால் இருந்து இதே கதையைக் கதைத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை.

பெட்டியை மாற்றினால் அந்த மென்பொருள் காரணம் கேட்கும். நாலு காரணங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ‘முகாமையாளருக்கு மண்டபத்தில் ஓசிச் சாப்பாடு’ என்று அதில் ஒன்றும் இல்லை.

“வாடிக்கையாளர் பிற்போடக் கேட்டார் எண்டு போடும்,” என்றார். போட்டேன். அக்காவின் பெயர் சிவப்பானது. முகாமையாளர் திருப்தியாக எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனார்.

பத்து மணிக்கு அந்த அக்கா ஓட்டோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். குஞ்சுப் பெட்டிகளுக்கு வெயில் படாமல் மூட ஈரச்சாக்கு இரண்டும் கையில் இருந்தன. நான் கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, ஓடர் பிற்போடப்பட்டிருக்கிறது என்றேன்.

“யார் பிற்போட்டது?”

“நீங்கள் கேட்டதா இதில கிடக்குது, அக்கா.”

“நான் எப்பம்மா கேட்டேன்? காலையிலேயே உமி பரப்பி, பல்ப்பு போட்டுட்டுல்ல வந்திருக்கேன்? பொய்ய எழுதுறதுதான் எழுதுறீங்க, என் பேர்லயா எழுதுவீங்க?”

முகாமையாளர் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “கொம்பியூட்டர் செய்யிறதுக்கு நாங்கள் என்ன செய்யிறது, அடுத்த கிழமை வாங்கோ,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கணினியைத் திறக்கத் தெரியாத மனிதர், அதன் பின்னால் ஒளிக்க மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

அந்த அக்கா போகவில்லை. ஓட்டோவை அனுப்பிவிட்டு வாசலில் கிடந்த நீள வாங்கிலில் குந்தியிருந்தார். மற்றவர்கள் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மண்டபக்காரரின் மூன்று பெட்டிகளும் சுவரோரம் கிடந்தன. ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. மத்தியானம் ஒரு பெட்டியில் சத்தம் குறையத் தொடங்கியது.

முகாமையாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே மண்டபக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“குஞ்சோ? இண்டைக்கோ?” என்றார். “இண்டைக்கு மண்டபத்தில ஒரு விசேசம், தங்கச்சி. நாளைக்கு ஆரையும் அனுப்புறன். இல்லாட்டி அடுத்த முறை பாப்பம், அவசரமில்லை. எத்தினை பெட்டி சொன்னனான்?”

எத்தனை என்றுகூட அவருக்கு நினைவில்லை. அந்தத் திரையைத் திறந்து மூன்று பெட்டிகளையும் திருப்பி அக்காவின் பெயருக்குப் போட்டேன். காரணம் கேட்டது. வாடிக்கையாளர் பிற்போடக் கேட்டார். இந்த முறை அது உண்மை.

நான் கூப்பிட, அக்கா உள்ளே வந்து பெட்டி மூடிகளைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். ஒரு பெட்டியில் ஆறு செத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

“இத அவரு கிட்ட காட்டுங்க,” என்றார். பெட்டிகளை ஈரச்சாக்கால் மூடி வேறொரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

முகாமையாளர் பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். குஞ்சுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. “ஆரைக் கேட்டு மாத்தினனீர்?” என்றுதான் கத்தினார். மண்டபக்காரர் வேண்டாம் என்றதைச் சொன்னேன். “அவர் அப்பிடித்தான் சொல்லுவார், பெரிய மனிசர். நாங்கள்தான் விளங்கி நடக்கோணும்,” என்றார்.

அடுத்த நாளே தலைமைக் கந்தோருக்குச் சொல்லி, பங்கிடும் அதிகாரத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவர் என் கதிரையில் இருப்பார். நான் பக்கத்தில் நின்று, “இதை அமத்துங்கோ சேர், இல்லை, மற்றதை,” என்று சொல்லிக்கொடுப்பேன். அவர் ஒற்றை விரலால் அமத்துவார். வருட முடிவில் கிளையைத் திறமையாக நடத்தியதற்கு அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் வந்தது. அதைத் துடைத்து வைக்கும் வேலையையும் என்னிடமே தந்தார்.

அந்த அக்கா பிறகு எங்களிடம் வரவில்லை. அவருடைய ஒழுங்கையில் அக்கம்பக்கத்தில் கோழி வளர்த்த மற்றப் பெண்களும் ஓடரை நிறுத்திக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து வவுனியா பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். அவர்தான் முதலில் பேசினார்.

“இன்னும் அங்கதான் வேல செய்றீங்களா?”

“ஓம், அக்கா.”

“அவரும் இருக்காரா?”

“ஓம்.”

என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். முகாமையாளரை நான் எப்படிப் பார்ப்பேனோ, அதே பார்வை. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். அந்தப் பார்வை தாங்காமல் விட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் வீட்டுக்குக் கிட்ட வேறொரு வேலை கிடைத்தது.